பதினான்கு விநாடி மௌனமும் ஓர் இருமலும்

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் 'நாலு நிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "நாலு நிமிஷம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எதிர்முனையில் இருப்பவர் புது ஆளாக இருந்தால், "ஐயோ, எனக்கு அவ்வளவு நேரமில்லைங்க" என்று வைத்துவிடுவார்.

அவர் அந்த நிலையத்தின் இசைத்தட்டு நூலகர். வேலையின் நுணுக்கத்தைச் சொன்னால்தான் அந்தப் பெயரின் பாவம் புரியும். மாலை நாடகம் ஐந்து ஐம்பத்தாறுக்கு முடியும். செய்தி ஆறு மணிக்கு. நடுவில் நாலு நிமிஷம் சும்மா கிடக்கும். அந்த இடத்தில் ஏதாவது ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஆறு மணிக்கு மூன்று விநாடி இருக்கும்போது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கழுத்தை அறுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி ஏழு இடைவெளி. ஏழு கழுத்து.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், உலகத்துக்கே தெரிந்த ஒரு மாமேதையின் சிம்பொனியை அப்படிப் பாதியில் அறுத்தார். அரைமணி நேரம் தொலைபேசி ஓயவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், "நான் பதவியில இருந்திருந்தா உங்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருப்பேன்" என்றார். அப்போதிருந்த மேலாளர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தொழில் ரகசியத்தைச் சொன்னார்.

"பெரிய ஆளுங்க மேல கை வைக்காதீங்க. கடைசி அலமாரிக்குப் போங்க. பேரே தெரியாதவங்க எல்லாம் அங்க இருக்காங்க. அவங்களை எங்க வெட்டினாலும் ரத்தம் வராது."

கடைசி அலமாரி, ஏசி ஒழுகும் மூலையில் இருந்தது. அங்கே இரண்டு விரல் கனத்துக்குத் தூசி. அந்தத் தூசியில்தான் அவருக்கு அந்த இருமல் ஒட்டிக்கொண்டது. இரண்டு குட்டி இருமல், பின்னால் ஒரு பெரிய இருமல். இருபத்தாறு வருஷமாக அதே வரிசை, அதே சுருதி. அவர் தெருமுனை திரும்பும்போதே வீட்டில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

மேலாளர் சொன்னபடி ரத்தம் வரவில்லைதான். ஆனால் நம்மவருடைய மனசு, பாவம், பஞ்சு. எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ உயிரைக் கொடுத்து எழுதியதை நாலாவது நிமிஷத்தில் நறுக்கிவிட்டு அவரால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. காலையில் வெட்டிய தலைகளை மத்தியானம் ஒட்டவைப்பதுபோல, உணவு இடைவேளையில் அந்தத் தட்டுகளை ஒத்திகை அறைக்கு எடுத்துப்போய் மிச்சத்தைக் கேட்க ஆரம்பித்தார். குற்ற உணர்ச்சியில் ஆரம்பித்த பழக்கம் காதலில் போய் முடிந்தது. இப்படி முடிந்த காதல்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் ஒரே சமயத்தில் நாற்பது பேரைக் காதலித்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர்களை எல்லாம் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. வீட்டு மனிதர்களைப்போல, செய்த தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நோயாளிகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பியானோ இசை எழுதிய பல் டாக்டர். கலங்கரை விளக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு புல்லாங்குழலுக்காக நூற்றுப் பத்துத் துண்டுகள் எழுதியவர். கடிகாரம் பழுது பார்த்தவர். இவர்களுடைய புகழை வீட்டில் பாட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"இந்த பல் டாக்டரோட இசையில ஒரு வலி இருக்கு பாரு" என்பார்.

"பல் வலியாத்தான் இருக்கும். கிராம்பு வைக்கச் சொல்லுங்க" என்பார் அவர் மனைவி.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் நகரப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகள் கவனத்திற்கு, பதினேழாம் எண் பேருந்து மூன்றாவது தடத்திலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் சொன்னால்தான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். நகரத்தில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் மனப்பாடம். இருபத்தாறு வருஷமாக வானொலியில் வேலை பார்க்கும் கணவருடைய குரல் ஒரு விநாடிகூடக் காற்றில் போனதில்லை. மகள் கல்லூரியில், "எங்க வீட்ல ஒருத்தர் ரேடியோவுல இருக்காங்க, ஒருத்தர் பேமஸ்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அவருடைய நாற்பது காதல்களிலும் பட்டத்து ராணி, தபாலக்கா.

நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு சின்னத் தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்த பெண்மணி. கடிதங்களைப் பிரித்து அடுக்குவதற்கு நடுவே, தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில் இசை எழுதியிருக்கிறார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மொத்தம் பதினொரு நிமிஷம் நாற்பது விநாடி. அவர் எழுதியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்கும் ஒரே ஓர் இசைத்தட்டு.

"இந்த இடத்துல கவனி" என்று ஒருநாள் வீட்டில் பிரதியெடுத்த நாடாவைப் போட்டுக் காட்டினார். "எட்டாவது நிமிஷத்துல திடீர்னு பதினாலு விநாடி ஒண்ணுமே இல்ல. முழு மௌனம். 'பதினாலு வரை எண்ணவும்'னு கைப்பட எழுதியிருக்காங்களாம், உறையில போட்டிருக்கு. ஏன் தெரியுமா?"

"மை தீர்ந்துபோச்சா?"

"கவுன்டர்ல ஆள் வந்திருக்கு! எழுந்துபோய் ஒரு தபால்தலை கிழிச்சுக் கொடுத்துட்டு வந்து மறுபடி எழுதியிருக்காங்க. அந்த நேரத்தையும் சேர்த்தே எழுதியிருக்காங்க."

"பதினாலு விநாடியில தபால்தலை கொடுத்தாங்களா? அது எந்த ஊருங்க? நாம அங்க குடிபோயிடலாம்."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இடி விழுந்தது. இடி, ஒரு சுற்றறிக்கையின் வடிவத்தில் வந்தது.

இனிமேல் இடைவெளி இசையைக் கணினியே தேர்ந்தெடுக்கும். பத்து வருஷத்தில் ஒரு நேயர்கூட விசாரிக்காத இசைத்தட்டுகள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிடங்குக்குப் போகும். கிடங்குக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக அந்த நிலையத்தின் சரித்திரத்தில் இல்லை. ஒரு மேலாளரின் நாற்காலியே போய்த் திரும்பவில்லை.

நம்மவர் நேயர் கடிதக் கோப்பைப் புரட்டினார். பல் டாக்டர் தப்பித்துவிட்டார். அவருடைய பேரன் ஒருமுறை நன்றி சொல்லி எழுதியிருந்தார். கடிகாரக்காரரும் தப்பித்தார். 'அந்த இசை போகிற வேகத்தில் என் மாமியார் மாவு பிசைகிறார், கை வலிக்கிறதாம்' என்று ஒரு கடிதம் இருந்தது. இப்படி ஒவ்வொருவரையும் எவரோ ஒரு புண்ணியவான் காப்பாற்றியிருந்தார். தபாலக்காவுக்கு மட்டும் ஒரு கடிதமும் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிவைத்தவளுக்கு ஒரு கடிதம் இல்லை! அவர் கோப்பை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

மேலாளரிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு கடிதம் இருந்தா போதுமா சார்?"

"போதும். திட்டி எழுதியிருந்தாக்கூடப் போதும். 'நேயர் விசாரணை'ன்னுதான் விதியில இருக்கு, பாராட்டுன்னு இல்லையே."

"நானே எழுதினா?"

"ஊழியரோ ஊழியர் குடும்பத்தாரோ எழுதினா செல்லாது. ஏழாவது பிரிவு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியும், நாலு நிமிஷம். இடது கையால எழுதினாலும் கண்டுபிடிச்சுடுவேன்."

இடது கையால் எழுதிப் பார்க்கலாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் தட்டில் கை வைக்கவில்லை.

"நான் வேணும்னா உங்களை விவாகரத்து பண்ணிட்டு எழுதட்டுமா?" என்றார் மனைவி. "அப்ப நான் குடும்பத்தார் இல்லையே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமா, விசாரிங்க."

அவர் ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார். அந்த ஒரு கணம்தான் அந்த அம்மாளுக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

வியாழக்கிழமை வந்தது. மாலை மூன்றரைக்குப் புதுப் பாலத்தை மேயர் திறந்துவைக்கும் விழா, நேரடி ஒலிபரப்பு. மேலாளர் முன்வரிசையில் உட்காரப் போய்விட்டார். பொறியாளர் கம்பிகளையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டார். நிலையத்தில் மிஞ்சியது நம்மவரும், பணியில் இருந்த அறிவிப்பாளரும். அந்தப் பெண் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவாள். தான் பேசுவதைவிட அவர் இருமுவதுதான் மணி மணியாகக் கேட்கிறது என்று அவரைச் சீண்டுவாள்.

மூன்று முப்பத்துநாலுக்கு மேயர், "என் அன்பான" என்றார். அதோடு இணைப்பு அறுந்தது.

அறிவிப்பாளர் பதறிப்போனாள். இப்படி ஆனால் போடுவதற்கென்றே ஓர் அவசரத் தட்டு இருக்கிறது. எல்லா லிஃப்டிலும் கேட்கும் அந்தத் தேய்ந்த மெட்டுதான். அவள் கை அதை நோக்கிப் போனது.

"தங்கச்சி, நில்லு" என்றார் நம்மவர். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. கையில் தபாலக்கா. "இதைப் போடு. முழுசா."

"எத்தனை நிமிஷம்ணே?"

"பதினொண்ணு நாற்பது."

"நடுவுல லைன் வந்துட்டா வெட்டித்தானே ஆகணும்?"

"இருபத்தாறு வருஷமா வெட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து மடிப்புகளில் கிழிந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தபாலக்காவுக்காக அவர் எழுதிவைத்திருந்த அறிமுகம். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு சட்டையாக மாறி வந்த தாள். மூன்று முறை சலவைக்கும் போய்வந்திருக்கிறது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தாளை வாங்கி ஒலிவாங்கிக்கு முன்னால் அழகாகப் படித்தாள். தபால் நிலையம், தந்திப் படிவம், கவுன்டருக்கு வந்த ஆள், எல்லாம் சொன்னாள். முள் இறங்கியது.

வயலின்கள் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குவதுபோல ஆரம்பித்தன. செல்லோ கனமான பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தது. நாலாவது நிமிஷம் நெருங்கியதும் அவருடைய வலதுகை, பழக்கதோஷத்தில், தானாக ஒலியை இறக்கப் போனது. அவர் இடதுகையால் அதைப் பிடித்துக்கொண்டார். நாலு நிமிஷம் ஒன்று. நாலு நிமிஷம் இரண்டு. இசை நகரத்தின் காற்றுக்குள் முதல்முறையாக அந்த எல்லையைத் தாண்டிப் போனது. அவருடைய கண்ணாடியை மறுபடி துடைக்க வேண்டியிருந்தது.

ஆறாவது நிமிஷத்தில்தான் சுவரில் இருந்த பச்சை விளக்கைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உறைந்துபோனார்.

வானொலியில் மௌனம் என்பது குற்றம். பத்து விநாடிக்குமேல் சத்தமே இல்லாவிட்டால், அந்த விளக்கு இருந்த சுவர்ப்பெட்டி, ஒலிபரப்பு நின்றுவிட்டதாக நினைத்துத் தானாகவே லிஃப்ட் மெட்டை ஓடவிடும். அதை அணைக்கும் சாவி பொறியாளரின் இடுப்பில். பொறியாளர் பாலத்தில். தபாலக்காவின் மௌனமோ பதினாலு விநாடி! கடிகாரத்தைக் கையில் பிடித்து அவரே நூறு முறை அளந்த பதினாலு விநாடி. ஒத்திகை அறையிலும் வீட்டிலும் கேட்டுக்கேட்டு, இப்படி ஒரு பெட்டி இருப்பதையே மனுஷன் மறந்துவிட்டார்.

"நான் நடுவுல ஏதாவது பேசட்டுமாண்ணே?" என்று கிசுகிசுத்தாள் அறிவிப்பாளர்.

"பேசினா முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு ரேடியோவை அணைச்சுடுவாங்க!"

"தாளைச் சரசரன்னு ஆட்டட்டுமா?"

"மழைன்னு நெனச்சுத் துணி எடுக்க ஓடுவாங்க!"

எட்டு நிமிஷம் இருபதாவது விநாடி. நான்கு வாத்தியமும் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கின.

மௌனம். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டு அதன்மேல் மூச்சு விட்டார். ஒலிமானியின் முள் அசையவில்லை. ஐந்து. ஆறு. பச்சை விளக்கு மஞ்சளாகியது. ஏழு. அறிவிப்பாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு. கடைசி அலமாரியின் இருபத்தாறு வருஷத் தூசியும் அந்த நேரம் பார்த்து அவருடைய தொண்டைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு குட்டி இருமல். பின்னால் ஒரு பெரிய இருமல்.

முள் துள்ளியது. விளக்கு பச்சைக்குத் திரும்பியது. ஆறு விநாடி கழித்து, 'என்ன வேணும்?' என்று கேட்பதுபோல, செல்லோ மட்டும் தனியாக எழுந்துகொண்டது.

பத்தாவது நிமிஷத்தில், இணைப்பு வந்துவிட்டது என்று மேசைத் தொலைபேசியின் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. அறிவிப்பாளர் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அன்றைய நாளிதழை எடுத்து விரித்து விளக்கின்மேல் போட்டு மூடிவிட்டு, "எனக்குக் கண் கொஞ்சம் சரியில்லண்ணே" என்றாள்.

கடைசி ஸ்வரம் ஓய்ந்த பிறகுதான் மேயர் வந்தார். "ஆகவேதான் அந்த மூன்றாவது தூணை" என்று பாதியிலிருந்து ஆரம்பித்தார். மேயரின் கழுத்து அறுபட்டது பற்றி ஒரு தொலைபேசிகூட வரவில்லை.

ஆனால் தபாலக்காவைப் பற்றியும் எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை வாசலில் இருந்த நேயர் பெட்டி காலி. மத்தியானமும் காலி. காவலாளியே, "சும்மா சும்மா தொறக்காதீங்க, கீல் கழண்டுடும்" என்று கடிந்துகொண்டார். மூன்று மணிக்கு நூலகத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. நம்மவர் தபாலக்காவை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல அதில் வைத்தார். இந்த இடத்தில் கல்லும் கரைந்திருக்கும். மேலாளர் கரையவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலே முக்காலுக்குக் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் மூன்று கடிதம்.

மேலாளர் பிரித்துப் படித்தார். முதல் கடிதம், பேருந்து கால அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது: 'பதினேழாம் எண்ணுக்குக் காத்திருந்தபோது கேட்ட அந்த இசை யாருடையது? மறுபடி எப்போது போடுவீர்கள்?' இரண்டாவதை, முப்பது வருஷம் தபால் துறையில் இருந்த ஒருவர் எழுதியிருந்தார்: 'நானும் பதினேழுக்காகத்தான் நின்றிருந்தேன். கவுன்டரில் ஆள் வந்து நின்று இருமி அழைப்பதை அம்மையார் தத்ரூபமாக அமைத்திருக்கிறார். எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண் கலங்கிவிட்டேன்.'

மேலாளர் கண்ணை உயர்த்தினார். "இருமலா? இசையில இருமல் இருக்கா?"

நம்மவர் தரையைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து, பாழாய்ப்போன தொண்டை மறுபடி காட்டிக்கொடுத்தது. இரண்டு குட்டி, ஒரு பெரிசு.

"ஓகோ" என்றார் மேலாளர்.

மூன்றாவது கடிதம் வெறும் கோபம்: 'எட்டாவது நிமிடத்தில் வந்த மௌனத்தைப்போல அழகான ஒன்றை நான் வானொலியில் கேட்டதே இல்லை. பேருந்து நிலையத்தில் பதினேழுக்குக் காத்திருந்த கூட்டமே மூச்சுவிடாமல் நின்றது. அதைப் போய் ஒரு மடையன் இருமிக் கெடுத்துவிட்டான். அவன்மேல் நடவடிக்கை எடுக்கவும்.'

அந்தக் கடிதத்தைக் கேட்டதும் நம்மவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, கல்யாணப் புகைப்படத்தில்கூட அது இல்லை. "மௌனத்தைக் கேட்டிருக்காங்க சார்!" என்றார். "ஒருத்தர் அந்த மௌனத்தைக் கேட்டிருக்காங்க!"

"விசாரணை மூணு" என்று மேலாளர் அட்டையில் எழுதினார். "தட்டு இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு ஒரு மெமோ உண்டு. அனுமதியில்லாமல் குரல் ஒலிபரப்பியது."

இருபத்தாறு வருஷத்தில் வாங்கிய முதல் மெமோவை அவர் பரிசுப் பத்திரம்போல வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அதை வாங்கி, பேருந்து நிலையக் குரலிலேயே வாசித்தார்: "பயணிகள் கவனத்திற்கு, மேற்படி ஊழியர் மாலை மூன்று நாற்பத்துமூன்று மணியளவில் இருமியுள்ளார்." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "மூணு கடிதமுமே பதினேழுக்கு நின்னவங்க எழுதினது. அது மூணு நாற்பதுக்குக் கிளம்புற வண்டி. பதினொரு நிமிஷமும் எப்படி நின்னு கேட்டிருப்பாங்க?"

"வண்டி லேட்டு."

"எதனால?"

"நான் அறிவிக்கல." அந்த அம்மாள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "மேசையில ரேடியோ ஓடிக்கிட்டிருந்துது. உங்க தபாலக்கான்னு தெரிஞ்சதும் ஒலிவாங்கியை அதுக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். நிலையம் முழுக்கக் கேட்டுது. டிரைவர் ரெண்டு தடவை கண்ணாடியைத் தட்டினாரு. தொண்டை கட்டிடுச்சுன்னு சைகை காட்டினேன்."

"ஏழாவது பிரிவு..."

"குடும்பத்தார் எழுதக்கூடாதுன்னுதானே இருக்கு? பஸ்ஸை நிறுத்தக்கூடாதுன்னு இல்லையே!"

அந்த அம்மாள் தட்டுகளோடு சமையலறைக்குப் போனார். நம்மவர் எழுந்துபோய்ப் பிரதி நாடாவைப் போட்டார். கடிதங்கள் பிரிந்தன. கனமான பை படியேறியது. நாலாவது நிமிஷம் தாண்டியது. யாரும் கேலி பேசவில்லை. எட்டாவது நிமிஷத்தில் எல்லாம் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணினார். ஆறு. ஏழு. எட்டு.

சமையலறையிலிருந்து கேட்டது. இரண்டு குட்டி இருமல், பின்னால் ஒரு பெரிய இருமல்.